டேப்பெட் சத்தம் வருதா? ஹெட்டைத் திறக்கும் முன் ஆயிலைப் பாருங்கள்

பழைய ஹூண்டாய் அக்சென்ட் பெட்ரோல், அதாவது 1.5 லிட்டர் 12 வால்வு இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜினின் மேல்பக்கம் வால்வை இயக்கும் பாகங்களிலிருந்து (டேப்பெட்) வரும் இந்த 'டிக் டிக்' பழகிய சத்தம்தான். வண்டியைக் கொண்டுபோய் விட்டால் "டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணிடலாம் சார்" என்று சொல்வார்கள். இதில் அட்ஜஸ்ட் பண்ண ஸ்க்ரூவே கிடையாது. ராக்கரின் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) நுனியில் இருக்கும் ஹைட்ராலிக் லிஃப்டர் என்ற சிறு உருளை, ஆயில் பிரஷரை வைத்து ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள கேப்பைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆகவே முதல் சந்தேகம் ஆயில் மேல்தான் போக வேண்டும்.

முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சில நொடி தட்டிவிட்டு நின்றால் விட்டுவிடுங்கள், லிஃப்டரில் இருந்த ஆயில் வடிந்திருக்கும், அவ்வளவுதான். சூடான பிறகு ஐடிலில் மட்டும் தட்டி, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் மறைந்தால் பிரஷர் குறைவு அல்லது ஆயில் ரொம்ப நீர்த்துவிட்டது. எப்போதும் ஒரே இடத்தில் தட்டினால்தான் குறிப்பிட்ட லிஃப்டர் ஒன்று தேய்ந்தோ சிக்கியோ இருக்க வாய்ப்பு அதிகம். நீளமான ஸ்க்ரூடிரைவரை டேப்பெட் கவர் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டால் எந்தப் பக்கம் என்று ஓரளவு பிடிபடும் (பெல்ட் பக்கம் கையும் துணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). இன்ஜெக்டரும் டிக் டிக் என்றுதான் அடிக்கும், லீக் ஆகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அப்படித்தான், ஏமாந்துவிடாதீர்கள். லோடு ஏறும்போது அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று வந்தால் அது பேரிங், வண்டியை ஓட்டாதீர்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல், அதிகமானாலும் கெடுதல்: அதிகமாக ஊற்றினால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அதைக் கடைந்து நுரையாக்கும், நுரையில் காற்று இருக்கும், காற்று நசுங்கும், லிஃப்டர் தளர்ந்துவிடும். கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு ஆயிலையும் நல்ல ஃபில்டரையும் மாற்றி ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றுங்கள். லிஃப்டருக்குள் சேர்ந்த கசடு மெதுவாகத்தான் கரையும், பல வண்டிகளில் சத்தம் இதிலேயே அடங்கிவிடும். சில இடங்களில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி இன்ஜினை ஓடவிட்டு 'வாஷ்' பண்ணுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஆயில் படலம் போய் பேரிங் அடிவாங்கும், மொத்தமாகப் பெயர்ந்த கசடு சம்ப்பில் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் ஸ்ட்ரெய்னரை, அதாவது ஆயில் உறிஞ்சப்படும் இடத்து வலையை, அடைத்தால் செலவு பெரிதாகிவிடும்.

அடுத்து லிஃப்டருக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றிப் பாருங்கள். இன்ஜின் சூடானதும் ஐடிலிலிருந்து நிதானமாக 3000 ஆர்பிஎம் வரை ஏற்றி, அதே நிதானத்தில் இறக்குங்கள். இப்படிப் பத்து இருபது தடவை. அதற்கும் மசியவில்லை என்றால், எதையும் கழற்றும் முன் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி ஆயில் பிரஷரைப் பாருங்கள். டாஷ்போர்டு விளக்கை நம்ப வேண்டாம், பிரஷர் அதலபாதாளத்துக்குப் போன பிறகுதான் அது எரியும்.

பிரஷர் சரியாக இருந்தால் டேப்பெட் கவரைக் கழற்றலாம். ஒரு சிலிண்டரை கம்ப்ரஷன் டாப்புக்கு (பிஸ்டன் உச்சியில், வால்வுகள் மூடியிருக்கும் நிலை) கொண்டுவந்து, லிஃப்டர் இருக்கும் முனையில் ராக்கரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல் மாதிரி நின்றால் நல்லது, மெத்தென்று அமுங்கினால் அதுதான் ஆள். ராக்கர் ஷாஃப்ட்டைத் தூக்கும்போது லிஃப்டர்கள் பொலபொலவென விழும், முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொன்றும் கழற்றிய இடத்துக்கே திரும்பப் போக வேண்டும், அதற்கு முட்டை ட்ரேயில் எண் எழுதி வைப்பது போதும். சுத்தமான டீசலில் லிஃப்டரை மூழ்கவைத்து, மெல்லிய கம்பியால் உள்ளே இருக்கும் செக் பாலை (ஆயில் திரும்பிப் போகாமல் தடுக்கும் குண்டு) லேசாகத் தள்ளியபடி பிளஞ்சரை (லிஃப்டருக்குள் நகரும் பகுதி) மேலும் கீழும் அசைத்தால் கறுப்பாகக் கசடு வெளியே வரும். டீசல் தெளிவாக வரும்வரை செய்யுங்கள். பிறகு கம்பியை எடுத்துவிட்டு, உள்ளே டீசல் நிறைந்திருக்கும்போதே விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் புதிது போடுங்கள், அப்படியே கேம் லோபில் (ராக்கரைத் தள்ளும் கேம் தண்டின் மேடு) பள்ளம் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள், தேய்ந்த கேம் மேல் புது லிஃப்டர் போட்டால் காசுதான் போகும்.

மாட்டிய பிறகு உடனே சாவியைத் திருப்பாதீர்கள். நிரம்பிய லிஃப்டர் வால்வைக் கொஞ்சம் திறந்தே பிடித்திருக்கலாம். அரைமணி நேரம் விட்டு, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள், எங்கும் இடிக்கவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யலாம். ஆரம்பத்தில் சத்தம் இன்னும் கூடுதலாகவே கேட்கும், அந்த 3000 ஆர்பிஎம் வேலையை மறுபடி செய்தால் அடங்கும்.