சரக்கு தூக்கும் முன் கயிற்றின் நீளத்தைப் பாருங்கள்

கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து கப்பல் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கும், மண்டபத்திலும் மூக்கையூரிலும் படகு எஞ்சினைக் கிரேனில் ஏற்றி இறக்குபவர்களுக்கும் ஒரு குறிப்பு.

கிரேன் 5 டன் தூக்கும் என்று பூமில், அதாவது கிரேனின் நீண்ட கையில், எழுதியிருப்பதை எல்லோரும் பார்க்கிறோம். ஸ்லிங், அதாவது சரக்கைக் கொக்கியில் மாட்டும் கயிறு, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைத்தான் பார்ப்பதில்லை. 1 டன் சரக்கை இரண்டு கயிற்றில் தூக்கினால் ஆளுக்குப் பாதி, 500 கிலோ என்று நினைப்போம். கயிறு செங்குத்தாக நின்றால்தான் அந்தக் கணக்கு. தரைமட்டத்திலிருந்து 60 டிகிரி சாய்வில் ஒவ்வொரு கயிறும் சுமார் 577 கிலோ இழுவையைத் தாங்க வேண்டிவரும். 45 டிகிரியில் 707. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் முழுசாக 1000 கிலோ!

கோணம் அளக்கக் கருவி வேண்டாம். சரக்கில் கயிறு மாட்டும் இரண்டு இடங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, ஒவ்வொரு கயிறும் குறைந்தது அவ்வளவு நீளம் இருக்கட்டும். 60 டிகிரி தானாக வந்துவிடும். கயிறு குட்டையா? வேறு எடுத்து வாருங்கள், 'ஒரு தடவைதானே' என்று சமாளிக்காதீர்கள்.

அப்புறம், ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கி, மறுபடி சரியாக மாட்டுங்கள். கச்சான் காற்று வீசும் நாளில் சரக்கு சுற்றும். கையால் பிடிக்காமல் முனையில் வழிகாட்டிக் கயிறு கட்டித் தள்ளி நின்று பிடியுங்கள். சைகை காட்டுபவர் ஒருவர்தான். ஆனால் 'நிறுத்து' என்று யார் கத்தினாலும் நிறுத்த வேண்டும், டீ கொண்டுவந்த பையன் கத்தினாலும்.