டெர்மல் சயின்ஸ் படிக்க விரும்பினால்: ஆஸ்திரேலியாவில் எங்கிருந்து தொடங்குவது?

தோல் தொடர்பான வேலைகளில் டெர்மட்டாலஜிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்த டாக்டர். பியூட்டி தெரபிஸ்ட் டிப்ளமோ முடித்தவர். இந்த இருவருக்கும் நடுவில் நிற்பவர், டெர்மல் சயின்ஸ் என்னும் தோல் சிகிச்சைப் படிப்பை முடித்த டெர்மல் கிளினீஷியன். பருத் தழும்பு, மங்கு, தீக்காய வடு, தேவையில்லாத முடி ஆகியவற்றை லேசர், கெமிக்கல் பீல் (ரசாயனம் பூசி மேல்தோலை உரிப்பது), மைக்ரோநீட்லிங் (நுண் ஊசிகளால் தோலைக் குத்துவது) கொண்டு கவனிப்பவர். நோய்க்கு மருந்து எழுத இவருக்கு அனுமதி இல்லை.

படி 1: எதற்குச் சிகிச்சை செய்யப்போகிறீர்கள்?
முடி நீக்கம் மட்டும் போதும் என்றால், ஐபிஎல் (லேசர் போலவே பயன்படும் தீவிர ஒளித் துடிப்பு) மற்றும் லேசர் முடி குறைப்புக்கென்றே தனிச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. தழும்பும் வடுவும்தான் உங்கள் நாட்டம் என்றால் பட்டப்படிப்புக்கே போங்கள். மெல்பர்னில் விக்டோரியா பல்கலைக்கழகம் டெர்மல் சயின்ஸில் இளநிலைப் பட்டம் தருகிறது. எங்கே சேர்வதானாலும் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: மாணவர் கிளினிக்கில், உண்மையான ஆட்கள் மீது எத்தனை மணி நேரம் கை வைத்துப் பழகலாம்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

படி 2: சட்டம்
இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா மூன்றிலும் லேசரை இயக்க உரிமம் வேண்டும். முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் மருந்துச் சீட்டில் மட்டுமே கிடைக்கும் மருந்து. டெர்மல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஊசியைப் போட முடியாது. இது தெரியாமல் சேர்ந்து பிறகு ஏமாந்துபோகிறவர்கள் உண்டு.

படி 3: டெஸ்ட் பேட்ச் பழகுங்கள்
முழு சிகிச்சைக்கு முன் சிறு இடத்தில் லேசரைச் சோதித்துப் பார்ப்பதே டெஸ்ட் பேட்ச். எங்கள் கணக்கில் இந்தத் தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 1975-இல் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பேட்ரிக் வகுத்த அளவுகோல் தோலை மிக வெளுப்பு (1) முதல் மிகக் கருப்பு (6) வரை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தமிழர்களில் பெரும்பாலோர் 4, 5-இல் வருவார்கள். லேசர் தேடிப் போவது முடியிலுள்ள மெலனின் என்னும் நிறமியை. நம் மேல்தோலிலும் மெலனின் நிறைய இருப்பதால் வெப்பம் வழியிலேயே தங்கித் தோலைச் சுட்டுவிடும். 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்ஸாண்ட்ரைட் லேசரில் இந்த ஆபத்து அதிகம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரின் கதிரை மெலனின் குறைவாகவே உறிஞ்சும், கதிரும் ஆழமாக இறங்கும். அதனால் கருமையான தோலுக்கு அதுவே பாதுகாப்பு.

டெஸ்ட் பேட்ச்சுக்கு வருபவர் முந்தின நாள் முடியை ஷேவ் செய்திருக்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முடி கருகித் தோலைச் சுடும். வேக்ஸிங், திரெட்டிங் செய்து நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். வேரோடு பிடுங்கிய இடத்தில் லேசருக்கு இலக்கே இல்லை. வெயிலில் கறுத்திருந்தால் நிறம் இறங்கும்வரை தள்ளிப்போடுங்கள். நரைமுடிக்கு லேசர் வேலை செய்யாது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காதோரம் போல அதிகம் தெரியாத இடத்தில், குறைந்த ஆற்றலில், குளிரூட்டியை இயக்கி, ஓரிரு ஷாட் மட்டும் கொடுங்கள். ஆற்றலைக் குறைத்தால் போதும் என்று நினைத்துத் துடிப்பு நேரத்தை (ஒரு ஷாட்டில் ஒளி பாயும் நேரம்) குட்டையாக வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. கருமையான தோலுக்குத் துடிப்பு நீளமாக இருந்தால்தான் மேல்தோல் சூட்டை வெளியேற்ற அவகாசம் கிடைக்கும். சில நிமிடங்களில் முடியின் வேர்க்கால்களைச் சுற்றி மட்டும் சிறு வீக்கமும் சிவப்பும் தெரிந்தால் சரியான அளவு. தோல் வெளுத்தாலோ சாம்பல் நிறமானாலோ உடனே நிறுத்திக் குளிர வையுங்கள். கருமை படிவது பல நாள் கழித்தே தெரியலாம் என்பதால் முழு சிகிச்சைக்கு இரண்டு வாரமாவது காத்திருங்கள்.

தாடையில் முடி வளரும் பெண்ணிடம் பிசிஓடி (ஹார்மோன் மாறுபாட்டால் வரும் கருப்பைச் சூலகக் கோளாறு), மாதவிடாய் பற்றி மறக்காமல் கேளுங்கள். ஹார்மோன் காரணமாக இருந்தால் முடி திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு லேசருக்குப் பிறகு பக்கத்தில் புதிதாக முளைப்பதும் உண்டு. டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வதே நியாயம்.

படி 4: வேலை
ஸ்கின் கிளினிக், டெர்மட்டாலஜிஸ்ட் அல்லது பிளாஸ்டிக் சர்ஜன் மருத்துவமனை, லேசர் விற்கும் நிறுவனங்களில் பயிற்சியாளர் பணி எனப் பல வழிகள் உண்டு. படிக்கும்போதே ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள்: தோல் வகை, அலைநீளம், ஸ்பாட் அளவு (தோலில் விழும் ஒளிப்பொட்டின் அகலம்), ஆற்றல், துடிப்பு நேரம், உடனே கண்ட மாற்றம், இரண்டு வாரம் கழித்துக் கண்டது. பெயரை எடுத்துவிட்டு நேர்காணலுக்குக் கொண்டுபோகலாம்.