வகுப்பில் போனை ஒளிக்கச் சொல்லாதீர்கள், ஓட்டுப் போடச் சொல்லுங்கள்

பொறியியல் கல்லூரியில் புதிதாகப் பாடம் எடுக்க வந்தவர்கள் தொழில்நுட்பம் என்றதும் ஸ்லைடு தயாரிப்பதில்தான் மொத்த நேரத்தையும் போடுகிறார்கள். அதில் பாதியை நல்ல கேள்வி தயாரிக்க ஒதுக்குங்கள்.

ஒரு கருத்தை விளக்கி முடித்ததும், கணக்குப் போடாமல் யோசித்தாலே விடை வரும் கேள்வி ஒன்றை கூகுள் ஃபார்மில் அனுப்புங்கள், பெயர் கேட்க வேண்டாம். உதாரணமாக, உள்தடை இல்லாத பேட்டரியில் இரண்டு பல்புகள் பேரலலாக எரிகின்றன, ஒன்றைக் கழற்றினால் மற்றதன் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? அப்படியே இருக்கும் என்பதுதான் சரி, ஆனால் ஓம் விதியைத் தலைகீழாகச் சொல்பவர்கள்கூட கூடும் என்று அடித்துச் சொல்வார்கள், அந்தக் குழப்பம் தேர்வுக்கு முன்பே வெளியே வருவதுதான் நமக்கு வேண்டியது.

விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் வளர்த்தெடுத்த முறை இது: 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு சில நிமிடம் வாதாட விட்டு மறுபடி ஓட்டெடுங்கள். இப்போதுதான் புரிந்துகொண்ட ஒரு மாணவருக்கு, பக்கத்து மாணவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். 30க்குக் கீழே என்றால் வேறு விதமாக விளக்குங்கள், 70க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்த தலைப்பு.

அப்புறம், நெட் வராத நாளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுதிய அட்டைகள் போதும்.