துபாயில் வாட்ச் வாங்கப் போகும் நம்மூர்க்காரர்களுக்கு

துபாய் வந்து இறங்கியதும் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மெடிக்கல், கைரேகை, எமிரேட்ஸ் ஐடி, பேங்க் கணக்கு எல்லாம் கம்பெனியில் விசா வேலை பார்க்கிற பிஆர்ஓ இழுத்துக்கொண்டு போகிற போக்கில் முடிந்துவிடும். நோல் கார்டு வாங்கி மெட்ரோ ஏறப் பழகிக்கொள்ளுங்கள். ரூம் எடுத்தால் இஜாரி, அதாவது வாடகை ஒப்பந்தப் பதிவு, உண்டா என்று கேளுங்கள். வெயிலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். காங்கேயத்து வெயிலில் வளர்ந்தவனுக்கு வெயில் பெரிதில்லை, அந்தப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லும். அவ்வளவுதான். நான் எழுத வந்தது வாட்ச் பற்றி.

சிரிக்காதீர்கள். திருப்பூர், ஈரோடு, கோபி, பொள்ளாச்சிப் பக்கம் இருந்து வருகிற நம் பையன்களின் கணக்கு எனக்குத் தெரியும். முதல் வருஷம் ஏஜென்ட் கடன் அடையும். இரண்டாவது வருஷம் அம்மாவுக்கு வளையல். மூன்றாவது வருஷம் தங்கச்சிக்கு வரன் அமையும். சீர், பந்தல், சமையல் எல்லாவற்றையும் அப்பா பார்த்துக்கொள்வார். "பையன் துபாய்ல இருக்கறானே, மாப்பிள்ளைக்கு என்னங்க வாட்ச் போட்டான்?" என்று ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் 21,500 திர்ஹம் கொண்டுபோய்க் கொட்டினேன்.

முதலில் மாலில் இருக்கிற பெரிய கடைக்குத்தான் போனேன். துபாய் மாலில் பச்சை விளக்கு போட்டு நிற்கிறதே ரோலெக்ஸ் கடை, அதைக் கம்பெனியே நடத்துகிறது என்று பல பேர் நினைக்கிறார்கள். நடத்துவது அஹ்மத் சித்தீக்கி குடும்பம், இந்த ஊர்க்காரர்கள். கம்பெனி கொடுத்த அதிகாரத்தில் விற்கிறார்கள். இப்படிப்பட்ட டீலரைத்தான் அதிகாரப்பூர்வ டீலர் என்கிறோம். அங்கே விலை கம்பெனி வைத்த விலை, பேரம் கிடையாது. "சித்தே பார்த்துப் போடுங்க" என்று கேட்டால் சிரித்துவிட்டுத் தண்ணீர் கொடுப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற வாட்ச் பார்ப்பதற்கு மட்டும்தான் என்பதைத்தான் ஏற்கவே முடியவில்லை. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் பெயர் எழுதிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் அந்தப் பெண், மரியாதையாகத்தான். தங்கச்சிக்குத் தை மாதம் முகூர்த்தம். அப்போது டிசம்பர் 2022.

சரி, வெளியில் பார்ப்போம் என்று துபாயின் பழைய கடைவீதிப் பக்கம், தேராவுக்கு வந்தேன்.

வெளிக்கடை, அதாவது அதிகாரப்பூர்வ டீலர் அல்லாத கடை, என்றால் எல்லாமே திருட்டுக் கடை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது சண்டைக்கு வருவார்கள். லைசென்ஸ் வைத்து, வாட் என்கிற விற்பனை வரி கட்டி, நல்ல வாட்சை நியாயமாக விற்கிற கடைகள் இங்கே நிறைய. லாஞ்சின்ஸ், டிஸ்ஸோ, ஒமேகா போன்றவை அதிகாரப்பூர்வ விலையை விடக் குறைவாகவே அங்கே கிடைக்கும். ரோலெக்ஸ் மட்டும் தலைகீழ். சப்மரைனர் என்கிற ரோலெக்ஸ் மாடல் புதுசுக்கு மால் விலையை விடக் கூடுதலாகக் கேட்பார்கள், வரிசையில் நிற்காமல் வாங்குவதற்கான கூலி அது. குறைவாகக் கொடுத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நம்மூரில் மலிவாகக் கிடைத்தால் கெட்டிக்காரன். இங்கே மலிவாகக் கிடைத்தால் என்ன குறை என்று தேட வேண்டும்.

நான் பார்த்தது பழைய ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், 16234 என்ற மாடல், 36 மில்லிமீட்டர். ஸ்டீல் உடம்பு, கண்ணாடியைச் சுற்றி வெள்ளைத் தங்கத்தில் வரிவரியான வளையம் (பெசல்), டயலில் மணிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வைரம். பார்த்தவுடன் மாப்பிள்ளை கை மணவறையில் மின்னுவது போலக் கண்ணில் வந்துவிட்டது. விற்றவர் என் பேச்சைக் கேட்டதும், "ஏனுங்க, கோபிங்களா? எங்களுக்குச் சத்திங்க" என்றார், சத்தியமங்கலத்தைத்தான். சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். அந்த "ங்க"வைக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என் மூளை அங்கேயே லீவு போட்டுவிட்டது.

"வைரமெல்லாம் கம்பெனி வைரம்தானுங்களே?"

"கம்பெனி வைரம்தானுங்க. உங்களுக்குப் போயி மாத்திச் சொல்லுவனுங்களா?"

எங்கள் அப்பாரு கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்தே விலை பேசுவார். காகிதம் கிடையாது, பேனா கிடையாது. விரலை அழுத்தினால் பேச்சு முடிந்தது. அப்புறம் எவனும் மாற மாட்டான். ஆனால் அதற்கு முன்னால் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். பேரன் நான், விரலைப் பிடித்ததோடு சரி. பல்லைப் பார்க்கவில்லை.

பில் கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, சுத்தமான பில்: கடை முத்திரை, வாட் 5 சதவீதம், மாடல் நம்பர், சீரியல் நம்பர். கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் மூன்று விஷயம். பழைய வாட்ச். திருப்பி எடுப்பதில்லை. மூன்றாவது "கஸ்டம் டயல்". அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கஸ்டம்ஸ், அதாவது சுங்கவரி கட்டியாகிவிட்டது என்று நினைத்தேன். பரவாயில்லையே, வரி கட்டினதைக்கூட எழுதிக் கொடுக்கிறாரே என்று சந்தோஷமாக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன்.

ஷார்ஜாவில் ஏறி விடிகாலையில் கோயம்புத்தூர் இறங்கினேன். வாட்சைக் கையில் கட்டி முழுக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு போ என்று ரூமில் நாலு பேர் சொன்னார்கள். எனக்கு அந்தத் தைரியம் வராது. சுங்கவரி கட்ட வேண்டியவர்கள் போகிற சிவப்பு வழியில் நேராகப் போய் பில்லை நீட்டினேன். 50,000 ரூபாய் போக மிச்சத்துக்கு 38.5 சதவீதம் என்றார்கள். அன்றைக்கு அதுதான் விதி. நீங்கள் கிளம்பும்போது அன்றைய கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் விடவில்லை. "சார், கஸ்டம்ஸ் ஏற்கனவே கட்டியாச்சுங்க, பில்லுலயே போட்டிருக்குதுங்க" என்று விரலை வைத்துக் காட்டினேன்.

அந்த ஆபீசர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இது கஸ்டம்ஸ் இல்ல. கஸ்டம். டயலை வெளியில செஞ்சு மாட்டியிருக்காங்கன்னு எழுதியிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது. ஏறக்குறைய 1,67,000 ரூபாய் கட்டிவிட்டு வெளியே வந்தேன். அப்பா கார் பக்கத்தில் நின்றிருந்தார். எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். ஆச்சுங்க என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மங்கள வாழ்த்துப் பாடும்போது மாப்பிள்ளை கையில் வாட்ச் மின்னியது, ஒரம்பரை கேட்டது, அப்பா சொன்னார். அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வருஷம் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணா, கோவிச்சுக்காதீங்… வாட்ச்சு நின்னு போச்சுங்ணா. கம்பெனி சர்வீஸ்ல குடுத்தா எடுக்க மாட்டேங்கறாங்களாமா. அவரு உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு." வெளிப் பாகம் மாட்டிய ரோலெக்ஸை கம்பெனி சர்வீஸில் தொட மாட்டார்கள், அசல் டயல் மாற்றச் சம்மதித்து அதற்கும் பணம் கட்டினால்தான் எடுப்பார்கள். வாட்ச் போலி என்பதல்ல இதற்கு அர்த்தம். உடம்பு, மெஷின், செயின் எல்லாம் அசல்.

லீவில் போனபோது கோயம்புத்தூரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு பார்த்துவிட்டு என் கண்ணிலும் சொருகினார். கம்பெனி டயலில் ஒவ்வொரு கல்லும் தனித்தனித் தங்கக் கிண்ணத்துக்குள் நேராக உட்கார்ந்திருக்குமாம். என் டயலில் தகட்டைத் துளைத்துக் கல்லை இறக்கி, ஓரத்தில் தூக்கிவிட்ட நாலு புள்ளியால் பிடித்திருந்தார்கள். நாலு மணிக் கல் லேசாகச் சாய்ந்திருந்தது. ஒன்பது மணிக் கல்லைச் சுற்றிப் பசை மஞ்சளாகக் காய்ந்திருந்தது, வேப்பமரத்துப் பிசின் மாதிரி. "மெஷினு தங்கமுங்க. டயலைத்தான் எவனோ கெடுத்துப்போட்டான்" என்றார். சுத்தம் பண்ணி எண்ணெய் போட்டுக் கொடுத்தார், ஓடுகிறது.

சத்திக்காரர் மேல் புகார் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். எதை வைத்துக் கொடுப்பது? அவர் எழுத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார், வாயில்தான் பொய் சொன்னார். இந்த ஊரில் எங்கே போய் நின்றாலும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள். என் பில் அவர் பக்கம் சாட்சி சொல்கிறது.

எனவே, சாமி, வெளிக்கடையில் வாங்குவதானால் கடைக்காரர் வாயால் சொன்னதை அப்படியே பில்லில் எழுதச் சொல்லுங்கள். டயல், பெசல், முள், செயின் எல்லாம் கம்பெனி அசல் என்று ஒரு வரி. சொன்னது நிஜமானால் எழுதுவதற்கு என்ன? "நமக்குள்ள எதுக்குங்க" என்று இழுத்தால் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வாருங்கள். புரியாத வார்த்தை ஒன்று இருந்தாலும் போட்டோ எடுத்துத் தெரிந்தவனுக்கு அனுப்புங்கள். வெட்கப்படாதீர்கள், வெட்கத்துக்கு நான் கட்டின தொகையைத்தான் மேலே பார்த்தீர்களே.

புதுசு என்று சொல்லிக் கொடுத்தால் கேரண்டி கார்டில் தேதியைப் பாருங்கள். இது இன்னொரு வலை, என் ரூம்மேட் விழுந்தது. 2015 ஜூலையிலிருந்து ரோலெக்ஸுக்கு ஐந்து வருஷம் கேரண்டி, ஒமேகாவுக்கும் 2018 நவம்பரிலிருந்து ஐந்து வருஷம். ஆனால் அந்த ஐந்து வருஷம் அதிகாரப்பூர்வ டீலர் முதல் ஆளுக்கு விற்ற தேதியிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். வெளிக்கடையில் பிளாஸ்டிக் பிரிக்காமல் கொடுக்கிற வாட்சின் கார்டில் ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய தேதி இருந்தால் உங்களுக்கு மிச்சம் மூன்றரைதான். கார்டிலேயே தேதி இல்லையென்றாலோ, வாட்சில் சீரியல் நம்பர் சுரண்டியிருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

அந்த 16234 காலத்து ரோலெக்ஸில் நம்பர்கள் செயினுக்கு அடியில் ஒளிந்திருக்கும்: ஆறு மணிப் பக்கம் சீரியல், பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல். செயினைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலை. கழற்ற யோசிக்கிற கடையில் நீங்களும் யோசியுங்கள்.

பழையதுதான் வேண்டும், ஆனால் பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. 2022 டிசம்பரில், நான் தேராவில் டீ குடித்துக்கொண்டிருந்த அதே மாதம், ரோலெக்ஸே பழைய வாட்சைச் சோதித்துச் சான்று கொடுத்து அதிகாரப்பூர்வ டீலர் வழியாக விற்க ஆரம்பித்தது. இரண்டு வருஷம் கேரண்டி உண்டு. வெளிக்கடையை விட விலை கூட. இன்றைக்கு என்னைக் கேட்டால் அந்தக் கூடுதலைக் கட்டுங்கள் என்பேன். அன்றைக்கு என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

வாட் திரும்பக் கிடைக்கும் என்று ஏர்போர்ட்டில் போய் நிற்காதீர்கள், அது சுற்றுலா வருகிறவர்களுக்கு. ரெசிடென்ஸ் விசாவில் இருக்கிற நமக்கு இல்லை.

அப்பாவுக்கும் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுக்கிறேன் என்று போன லீவில் கேட்டேன். அவர் கையில் இருக்கிற கீ கொடுக்கிற எச்எம்டியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடுதே கண்ணு" என்றார்.

நான் இங்கே ஒரு லென்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன், 20 திர்ஹம். வாட்ச் பார்க்கப் போகிற அன்றைக்குக் கூப்பிடுங்கள், கூட வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு லீவு. டீ நீங்கள் வாங்கித் தர வேண்டும், கடைக்காரர் டீ எனக்கு வேண்டாம்.