கோல் காப்பாளரைக் கொப்பியாலும் கண்ணாலும் எடைபோடுவது

யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கிலோ ஊர் மைதானத்திலோ உதைபந்தாட்டம் பார்க்கப் போகும்போது ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். கோலுக்குள் போகக்கூடிய உதை ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுங்கள். 16.5 மீற்றர் பெட்டிக்குள் இருந்து வந்தால் 'உ', வெளியே இருந்து வந்தால் 'வெ'. கம்பத்தில் பட்டுத் திரும்பியது கணக்கில் வராது.

40 உதைகளில் 30ஐத் தடுத்தால் 75 வீதம். இன்னும் ஒன்றை விட்டிருந்தால் 72.5. ஆகவே இரண்டு மூன்று ஆட்டக் கணக்கை வைத்து ஆளைக் கழிக்காதீர்கள். 'உ', 'வெ' இரண்டையும் பிரித்தே வீதம் பாருங்கள். இல்லாவிட்டால் கிட்டத்து உதைகளை அதிகம் சந்திக்கும், ஓட்டைப் பின்களத்துக்குப் பின்னால் நிற்பவர் அநியாயமாகப் பழி சுமப்பார்.

கண்ணுக்கு வேறு வேலை. பாய்ந்து பிடிப்பதில் மயங்க வேண்டாம். ஓரடி முன்னரே நகர்ந்திருந்தால் பாயவே தேவையில்லை. எதிராளி உதைக்கும் கணத்தில் காப்பாளரின் பாதங்களைப் பாருங்கள். இரண்டும் தரையில், பாரம் முன்பாதத்தில் இருக்க வேண்டும். குதிக்காலில் நிற்பவர் தாழ்ந்த பந்துக்குப் பிந்துவார். சோளகம் வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் காத்த பாதியைத் தனியாக எழுதுங்கள். உயர வரும் பந்து நினைத்ததைவிட நீளும்.

பின்கள வீரரையும் இப்படியே எடைபோடலாம். அவர் நிறையச் சறுக்கி மறித்தால் கெட்டிக்காரர் என்று எடுக்காதீர்கள். இடம் தவறி நிற்பவருக்குத்தான் சறுக்கல் அடிக்கடி தேவைப்படும். பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். பந்து மறுகரையில் இருக்கும்போது தலையைத் திருப்பித் தான் மறிக்க வேண்டிய எதிராளியைத் தேடுகிறாரா? அதையும் கோடு போட்டு எண்ணலாம்.