புழுவைக் கண்டதும் மருந்தடிக்காதீங்க: தோட்டத்துப் பட்டாம்பூச்சி நல்லதா, கெட்டதா?

ஐப்பசி மழை விழுந்து செடிகள் தளிர்விட ஆரம்பித்ததும், கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: “பட்டாம்பூச்சி நிறைய வருதுங்க, புழு வெச்சு எல்லாத்தையும் தின்னுபோடுமா?”

பறக்கிற பட்டாம்பூச்சியால் செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. இலையைக் கடிக்க அதற்கு வாயே கிடையாது. சுருட்டி வைத்திருக்கும் உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும், ஈர மண்ணில் உட்கார்ந்து உப்புச்சத்தை உறிஞ்சும், அவ்வளவுதான். அதன் புழு இலை தின்னும் என்பது உண்மை. ஆனால் எந்தப் புழு, எந்தச் செடியில், அந்தச் செடி எவ்வளவு பெரியது என்ற மூன்றும் தெரியாமல் மருந்துப் புட்டியைக் கையில் எடுக்கவே கூடாது. இதை எப்படிப் பார்த்து முடிவு செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். மாடித் தொட்டி, வீட்டுப் பொடக்காலி (கொல்லைப்புறம்), சில சென்ட் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கானது இது. ஏக்கர் கணக்கில் பண்ணையம் செய்பவர்களின் கணக்கு வேறு.

கையில் இருக்க வேண்டியவை: கேமரா உள்ள கைப்பேசி, டார்ச் லைட், ஒரு கத்தரிக்கோல், பழைய கொசுவலைத் துணி, கையுறை.

படி 1: முதலில் செடியைப் பாருங்கள், அப்புறம் புழுவை

உடுமலை, கோபிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலைதான் வேண்டும். பக்கத்தில் தக்காளித் தழையைக் குவித்து வைத்தாலும் தொடாது. பட்டாம்பூச்சிப் புழுக்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு செடி, மிஞ்சினால் ஒரே குடும்பத்துச் செடிகள் சில. தாய்ப் பூச்சி இலையில் உட்கார்ந்து முன்னங்கால்களால் சுவை பார்த்து, சரியான செடிதான் என்று தெரிந்த பிறகே முட்டை வைக்கும்.

எருக்கஞ்செடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டை போட்ட புழு இருந்தால் அது வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு. கத்திரிக்காயைத் தேடி வராது. கொன்றையிலும் ஆவாரையிலும் பச்சைப் புழு இருந்தால், தோட்டத்தில் பறக்கும் வெளிர் மஞ்சள் பூச்சிகளின் பிள்ளைகள். அரளியில் இருந்தால் வெண்புள்ளிக் கருப்பனாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றால் உங்கள் சமையலறைக்கு ஒரு இலைகூடக் குறையாது.

ஒரு பட்டாம்பூச்சி நமக்கு வேலையே செய்து கொடுக்கிறது. மாமரத்தில் புல்லுருவி ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும், பார்த்திருப்பீர்கள். சிறகின் அடிப்பக்கத்தில் மஞ்சளும் சிவப்புமாக மின்னும் ஒரு பட்டாம்பூச்சி மரத்தின் உச்சியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் புழுக்கள் கூட்டமாக இருந்து தின்பது அந்தப் புல்லுருவி இலையைத்தான். மாமரத்தில் புழு என்று மேலே மருந்தடிக்கும் முன் எந்த இலையில் இருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள்.

படி 2: பட்டாம்பூச்சிப் புழுவா, அந்துப்பூச்சிப் புழுவா?

காய்கறிக்கும் வயலுக்கும் பெரிய சேதம் செய்யும் புழுக்களில் மிகப் பெரும்பாலானவை அந்துப்பூச்சியின் புழுக்கள். கத்திரியில் தண்டையும் காயையும் துளைப்பது, தக்காளியைக் குடையும் பச்சைக் காய்ப்புழு, விவசாயிகள் புரோடீனியா என்று சொல்லும் புகையிலைப் புழு எல்லாமே இரவில் பறக்கும் அந்துப்பூச்சியின் வாரிசுகள். 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்து நம் பக்கத்து மக்காச்சோளத்தைக் காலி செய்த படைப்புழுவும் அதே இனம்தான். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஓலையைச் சுரண்டிக் காய வைக்கும் கருந்தலைப் புழுவும் அப்படியே. பழி மட்டும் பகலில் கண்ணுக்குத் தெரிகிற பட்டாம்பூச்சி மேல் விழுகிறது.

நூற்றுக்கு நூறு பிரித்தறிய எளிய வழி கிடையாது. ஆனால் சில அடையாளங்கள் பெரும்பாலும் ஒத்துவரும்.

முட்டையைப் பாருங்கள். தளிரில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று தனித்தனியாக இருந்தால் பட்டாம்பூச்சியாக இருக்கலாம். இலையின் அடியில் குவியலாக, மேலே பழுப்பு ரோமம் மூடி இருந்தால் அது புகையிலைப் புழுவின் முட்டை. அந்த ஒரு இலையைக் கிள்ளி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் ஒரு புழுவும் தெரியாமல், இரவில் மட்டும் மண்ணிலிருந்து ஏறி வந்து தின்கிறதென்றால் அது அந்துப்பூச்சிப் புழுவேதான் என்று வைத்துக்கொள்ளலாம். காய்க்குள்ளே, தண்டுக்குள்ளே இருப்பதும் அநேகமாக அதுவே. விலக்குகளை நான்காம் படியில் சொல்கிறேன்.

அரவக்குறிச்சி, மூலனூர்ப் பக்கம் முருங்கை வைத்திருப்பவர்கள் கம்பளிப்பூச்சியை நன்றாக அறிவார்கள். பகலில் அடிமரத்தில் மெத்தை விரித்தது போல அப்பிக்கிடக்கும், இரவில் ஏறி இலையை மொட்டையடிக்கும். பட்டால் அரிப்புத் தாங்காது. இதுவும் அந்துப்பூச்சிதான். பட்டாம்பூச்சிப் புழுக்களிலும் முள் உள்ளவை உண்டு. ஆமணக்கிலும், வேலியில் படரும் சிறுபூனைக்காலியிலும் பார்க்கலாம். அந்த முள் பொதுவாக நம்மை ஒன்றும் செய்யாது. மா இலையில் ஒரு புழு இருக்கிறது. உடம்பின் இருபுறமும் இறகு போன்ற பச்சை முட்கள், முதுகில் நீளமாக ஒரு வெளிர்க் கோடு. இலையின் நடுநரம்பின் மேல் அந்தக் கோடு பொருந்தும்படி படுத்துக்கொள்ளும். ஒரு சாண் தள்ளி நின்றால் இலை மட்டும்தான் தெரியும். அது ஒரு சாதுவான பட்டாம்பூச்சிப் புழு. அதே மாமரத்திலும் தென்னையிலும் பச்சையாக, முட்களோடு, நத்தை போல வழுக்கி நகரும் இன்னொரு புழுவும் வரும். அது அந்துப்பூச்சி இனம், தொட்டால் நெருப்பு வைத்த மாதிரி எரியும். இரண்டையும் பிரித்தறியத் தெரியும் வரை எந்த முள் புழுவையும் வெறும் கையால் தொட வேண்டாம். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

படி 3: கருவேப்பிலை, எலுமிச்சைப் புழு

வீட்டுத் தோட்டத்தில் பட்டாம்பூச்சியோடு வரும் நிஜமான தகராறு இங்கேதான். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டும் எலுமிச்சை, நார்த்தை, கருவேப்பிலை, வில்வம் ஆகியவற்றில் முட்டையிடும்.

பொரித்து வந்த புழுவைப் புழு என்றே நினைக்க மாட்டீர்கள். பழுப்பும் வெள்ளையுமாக, ஈரப்பளபளப்போடு, காக்காய் எச்சம் விழுந்து கிடப்பது போலவே இலை மேல் ஒட்டிக்கிடக்கும். குருவிகள் ஏமாறுவதற்காக இந்த வேடம். நான்கு முறை சட்டை உரிக்கும். கடைசியாகச் சட்டை உரித்ததும் ஒரேயடியாகப் பச்சைக்கு மாறி, பக்கவாட்டில் சாய்ந்த பட்டைகளோடு, சுண்டுவிரல் பருமனுக்கு வரும். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கூடவே மூக்கைத் துளைக்கும் ஒரு வாசம். எறும்பையும் சிறு பூச்சிகளையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அவ்வளவுதான். கடிக்காது, கொட்டாது, கையில் அரிக்காது.

தின்பதில் பெரும்பகுதியைக் கடைசி ஐந்தாறு நாளில்தான் தின்னும். அதனால்தான் நேற்றுவரை நன்றாக இருந்த செடி இன்று மொட்டையாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

செடி உங்கள் இடுப்பு உயரத்துக்குக் குறைவு என்றால் காப்பாற்றியே ஆக வேண்டும். ஒட்டுச்செடி எலுமிச்சை வாங்கி வைத்த முதல் ஆண்டில் நான்கு புழு இருந்தாலே வளர்ச்சி நின்றுவிடும். கொசுவலைத் துணியைக் கூடாரம் மாதிரி குச்சி நட்டுப் போர்த்தி, அடியில் மண் வைத்து மூடிவிடுங்கள். துணி இலையில் ஒட்டாமல் இருக்கட்டும். ஒட்டினால் வெளியிலிருந்தே முட்டை வைத்துவிடும். போர்த்தும் முன் தளிர்களைத் திருப்பிப் பார்த்து, குண்டூசித் தலை அளவுள்ள வெளிர் மஞ்சள் முட்டைகளைத் துடைத்து எடுத்துவிடுங்கள்.

தலைக்கு மேல் வளர்ந்த கருவேப்பிலை மரம் என்றால் விட்டுவிடுங்கள். இது என் உறுதியான கருத்து. நாம் குழம்புக்கு ஒடிப்பதைவிட அது அதிகம் தின்றுவிடாது, ஒடித்த இடத்தில் தழைக்கும் மரம் தின்ற இடத்திலும் தழைக்கும்.

சிறிய செடியில் இருப்பதைப் பெரிய மரத்துக்கு மாற்றலாம். புழுவைப் பிடித்து இழுக்காதீர்கள். கால்கள் இலையை இறுகப் பற்றியிருக்கும், இழுத்தால் காயம்படும். அது உட்கார்ந்திருக்கும் ஈர்க்கோடு வெட்டி, பெரிய மரத்தின் கிளையில் நூலால் கட்டிவிடுங்கள். ஈர்க்கு வாட வாடப் புழு தானாக மரத்துக்கு நகர்ந்துவிடும். செம்பருத்தியிலோ தக்காளியிலோ கொண்டுபோய் விட்டால் பட்டினியில் சாகும். வில்வமோ நார்த்தையோ அக்கம்பக்கத்தில் இருந்தால் அதுவும் சரி.

படி 4: உண்மையிலேயே காய்க்குச் சேதம் செய்யும் பட்டாம்பூச்சிகள்

பட்டாம்பூச்சி எல்லாமே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். சில இருக்கின்றன.

மாதுளைதான் முக்கியம். மாதுளைப் பூவிலும் பிஞ்சிலும் ஒரு பட்டாம்பூச்சி முட்டையிடும். புழு துளைத்து உள்ளே போய் முத்துக்களைத் தின்னும். துளையின் வாயில் எச்சம் தள்ளியிருக்கும், பழம் அழுகி நாறும். கொய்யாவையும் விடாது. உள்ளே போன புழுவை எந்த மருந்தும் சரியாகத் தொடாது. அதனால் பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வரும் முன்பே ஒவ்வொன்றுக்கும் மெல்லிய துணிப்பையோ காகிதப்பையோ போட்டுக் காம்பில் கட்டிவிடுவதுதான் வழி. துளை விழுந்த பழத்தையும் கீழே விழுந்ததையும் அன்றன்றே பொறுக்கி அழிக்க வேண்டும்; செடியடியில் கிடந்தால் அடுத்த தலைமுறை அங்கிருந்தே கிளம்பும்.

அவரை, தட்டைப்பயறுப் பூக்களைச் சுற்றிச் சிறு நீலப் பூச்சிகள் பறந்தால் மொட்டுகளையும் பிஞ்சுக் காய்களையும் தினமும் பாருங்கள். ஓட்டை விழுந்ததைக் கிள்ளிப் போட்டால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். வாழையில் இலையின் ஓரம் குழலாகச் சுருண்டிருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே மாவு பூசிய மாதிரி வெள்ளையாக ஒரு புழு இருந்தால், சுருளோடு வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான்.

படி 5: அடித்தே ஆகவேண்டும் என்றால்

அடிப்பதற்கு முன் புழு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பின் மேலோ பக்கத்திலோ அரிசி மணி போல வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால், குளவி இனத்துச் சிறு பூச்சி ஒன்று ஏற்கெனவே அதன் உடம்புக்குள் வளர்ந்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் புழு இனித் தின்னாது. அந்தக் கூடுகளை அப்படியே விட்டுவிடுங்கள். அவற்றிலிருந்து வருபவை உங்கள் தோட்டத்துக் காவல்காரர்கள். தையல்சிட்டும் மைனாவும் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவைத்தான். கம்பளிப்பூச்சியைக்கூடச் செம்போத்தும் குயிலும் தின்னும். விஷமருந்து அடித்தால் இவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கையால் பொறுக்கி முடியாத அளவுக்கு அந்துப்பூச்சிப் புழு ஏறிவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேருங்கள். தேனீ அடங்கிய சாயங்கால நேரத்தில், தாக்குதல் உள்ள செடிக்கு மட்டும், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். கடையில் ‘பி.டி.’ என்று கேட்டால் கிடைக்கும் நுண்ணுயிர் மருந்தும் இயற்கைதான், ஆனால் அதற்கு அந்துப்பூச்சிப் புழு, பட்டாம்பூச்சிப் புழு என்ற வேறுபாடு கிடையாது. எருக்கு, வில்வம், கருவேப்பிலை மேல் அது படவே கூடாது.

இன்னொன்று. வடகிழக்கு மழையை ஒட்டிக் கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி நீல வரியன், கருப்பன் என்ற பட்டாம்பூச்சிகள் கூட்டங்கூட்டமாகக் கொங்குச் சமவெளியைக் கடக்கும். வெட்டுக்கிளி மாதிரி பயிரை அழிக்க வந்த படை என்று பயப்பட வேண்டாம். வழியில் தேன் குடித்து, ஓய்வெடுத்துப் போய்விடும்.

படி 6: வேலியோரம் ஒரு பங்கு

பட்டாம்பூச்சியும் வேண்டும், செடியும் பிழைக்க வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு மூலை ஒதுக்குவதுதான் சரி. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலியோடு ஆதொண்டை, விழுதி, சங்கஞ்செடி எல்லாம் தானாக முளைத்துக்கிடக்கும். வெள்ளையும் ஆரஞ்சுமாகப் பறக்கும் சிறு பட்டாம்பூச்சிகள் பல அவற்றை நம்பியே இருக்கின்றன. சுத்தம் செய்கிறேன் என்று வேலியை எடுத்துக் கம்பி போட்டால் அவை போய்விடும். உயிர்வேலி இருப்பவர்கள் தயவுசெய்து அதை வைத்திருங்கள்.

வேலி இல்லாதவர்கள் காய்கறிப் பாத்தியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு ஆவாரை, ஒரு எருக்கு, இடமிருந்தால் ஒரு நார்த்தை வையுங்கள். தேனுக்கு இட்லிப்பூவும் தும்பையும் போதும். களையென்று பிடுங்கும் தாத்தாப்பூவை ஒரு ஓரத்தில் விட்டுவைத்தால் செலவே இல்லை. அந்த மூலையில் எந்தக் கரைசலும் அடிக்காதீர்கள், வேப்பங்கொட்டையும் சேர்த்துத்தான். எருக்கை வெட்டும்போது பால் கண்ணில் பட்டுவிடாமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.