பிரஸ் நோட் அச்சில் ஏற வேண்டுமா?

மாவட்ட நிருபரின் வாட்ஸ்அப்பில் தினமும் செய்திக் குறிப்புகள் குவியும். திறப்பு விழா, ஆண்டு விழா, ஆடித் தள்ளுபடி என்று பெரும்பாலும் ஒரே ரகம். அந்தக் குவியலில் உங்களுடையது தேறுவதற்கு வழி ஒன்றுதான். யாருக்கும் போன் போட்டுக் கேட்காமல், திருப்பி எழுதாமல், உதவி ஆசிரியர் அதை அப்படியே பக்கத்தில் வைக்க முடியவேண்டும்.

ஈரோடு பக்கத்து மஞ்சள் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதிதாக நீராவிக் கொப்பரை போட்டிருக்கிறார்கள். வழக்கமாக வரும் குறிப்பு இப்படித் தொடங்கும்: "தரத்திற்குப் பெயர்பெற்ற எங்கள் நிறுவனம், 25 ஆண்டுகால வெற்றிப் பயணத்தின் தொடர்ச்சியாக…" நிருபர் இரண்டாவது வரிக்கே போகமாட்டார். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "சிவகிரி வட்டார விவசாயிகள் தங்கள் மஞ்சளை மூட்டைக் கணக்கில் கட்டணம் கொடுத்து நீராவியில் வேகவைத்துக்கொள்ளும் வசதி, திங்கள்கிழமை தொடங்குகிறது." ஆலை முதலாளி வாக்கியத்தைவிட்டு இறங்கிவிட்டார், விவசாயி ஏறிவிட்டார். வாசகர் அவர்தானே! அடுத்த வரிகளில் ஒரு தடவைக்கு எத்தனை கிலோ வேகும், எவ்வளவு நேரமாகும், மூட்டைக்கு என்ன ரேட், முன்பதிவுக்கு எந்த எண் என்பவை வரட்டும். நிறுவனத்தின் வரலாறு கடைசிப் பத்தியில் இரண்டு வரி போதும். இடம் போதாவிட்டால் டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்திப் பக்கம் அமைக்கும் பிரிவில், கீழிருந்துதான் வெட்டுவார்கள், அதனால் போனாலும் வருத்தமில்லை. மொத்தம் 150 முதல் 200 சொற்கள்.

அனுப்பும் காலம் முக்கியம். மஞ்சள் அறுவடை தை, மாசியில். மார்கழிக் கடைசியில் போகும் குறிப்புக்கு உயிர் உண்டு. அதையே ஆடியில் அனுப்பினால் கேட்க ஆளிருக்காது. பட்ஜெட் நாள், தேர்தல் முடிவு நாள், முதல்வர் மாவட்டத்துக்கு வரும் நாள் ஆகியவற்றைத் தவிருங்கள். உள்ளூர்ப் பக்கம் மாலையிலேயே முடிந்துவிடும் என்பதால் மதியம் 3 மணிக்குள் குறிப்பு போய்ச் சேரவேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத் தெரியும். பிடிஎஃப் ஆக அனுப்பினால் கண்ணுக்கு அழகாக இருக்கும், நகலெடுத்து ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறி "கொப்பரை" சிதைந்துபோகும். அதைச் சரிசெய்ய டெஸ்க்கில் யாருக்கும் நேரமில்லை. யூனிகோடில் தட்டச்சு செய்து மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டுங்கள், கூடவே வேர்டு கோப்பையும் இணையுங்கள். லெட்டர்பேடில் அச்சிட்டு செல்போனில் படம்பிடித்து அனுப்புவது வேண்டாம்.

படம் இரண்டு போதும், ஒன்று அகலவாக்கில், ஒன்று உயரவாக்கில். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். பொன்னாடையுடன் பதினான்கு பேர் வரிசையாக நிற்கும் படத்தில் ஒரு முகமும் தெரியாது. கொப்பரையிலிருந்து ஆவி பறக்க மஞ்சளைக் கொட்டும் படம் பக்கத்தையே தூக்கிவிடும். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக, இனிஷியலோடு எழுதுங்கள். மூலையில் லோகோ பதிக்காதீர்கள்.

வாயை அடக்கவேண்டிய இடங்கள் இரண்டு. மஞ்சள் என்றதும் "புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டமும், உணவு விளம்பரங்களுக்கான 2018ஆம் ஆண்டு விதிமுறைகளும் இதற்கு இடம் தருவதில்லை. இன்னொன்று புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊருக்கே உரிய பொருளின் பெயருக்குத் தரப்படும் சட்டப் பாதுகாப்பு. ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் அது கிடைத்தது உண்மை. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரில் சரக்கு விற்கலாம். "உங்களிடம் பதிவு இருக்கிறதா?" என்று நிருபர் கேட்டால் காட்டக் காகிதம் வேண்டும்.

பிரஸ் மீட் எதற்கெடுத்தாலும் தேவையில்லை. நேரில் காட்ட ஏதாவது இருந்தால், அல்லது நிருபர்கள் கேள்வி கேட்கும்படியான விஷயம் என்றால் மட்டும் வையுங்கள். காலை 11 மணி வாகான நேரம். முந்தைய நாள் அழைப்பு, அன்று காலை ஒரு நினைவூட்டல். மேஜையில் மைக்குகள் வைக்க இடம், கேமரா ஸ்டாண்டுக்குப் பின்வரிசை, பிளக் பாயிண்ட் ஆகியவற்றைப் பார்த்துவையுங்கள். பேசும்போது அரவை இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள், சத்தத்தில் டிவி பைட் (டிவியில் காட்டும் சின்னப் பேச்சுத் துண்டு) வீணாகும். பேசுபவர் ஒருவராக இருக்கட்டும், பைட் 30 விநாடிக்குள் முடியட்டும். டீ, சாப்பாடு கொடுப்பது மரியாதை. கவரில் பணம் வைப்பது வேறு: பிரஸ் கவுன்சிலின் நடத்தை நெறிகள் அதை ஏற்பதில்லை, கொடுத்தவர் பெயரும் ஊரெல்லாம் சுற்றும். விளம்பரம்தான் வேண்டுமென்றால் விளம்பரப் பிரிவுக்கு நேராகப் போய்ப் பணம் கட்டுங்கள்.

அனுப்பியபின் ஒரே ஒரு போன்: "வந்து சேர்ந்ததா சார், வேறு விவரம் ஏதும் வேண்டுமா?" அவ்வளவுதான். "எப்ப சார் வரும்?" என்று தினமும் கேட்பவரின் போனை நிருபர் எடுக்காமலே விடுவார்.

கெட்ட நாள் வந்தால் கணக்கு வேறு. உங்கள் மஞ்சள்தூளில் சாயம் கலந்திருக்கிறது என்று ஒரு வீடியோ பரவுகிறது என்று வையுங்கள். பதில் எழுதுவதற்கு முன் பாக்கெட்டின் பேட்ச் எண், அரைத்த தேதி, எத்தனை கிலோ, எந்தக் கடைகளுக்குப் போனது என்பதை ஒரே தாளில் எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் நான்கே வரியில் அறிக்கை: புகார் தெரியவந்தது, இந்த பேட்ச்சின் விற்பனையை நிறுத்திவிட்டோம், மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியுள்ளோம், அடுத்த தகவல் நாளை மாலை 5 மணிக்கு. அந்த 5 மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், இல்லை என்றே சொல்லுங்கள். "பொய்ப் புகார், போட்டியாளர்களின் சதி" என்று மட்டும் எழுதாதீர்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி எடுத்த மாதிரிக்கு உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தரச் சட்டம் 14 நாள் அவகாசம் தருகிறது. அறிக்கை எதிராக வந்தால் உங்கள் சதிக் கதைதான் தலைப்புச் செய்தி.

சட்டப்படி ஜெயிப்பதும் கடைத் தட்டில் இடம் பிடிப்பதும் வேறுவேறு. 2015 ஜூன் 5இல் மேகி நூடுல்ஸைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மேகி மறுபடி விற்பனைக்கு வந்தது நவம்பரில்தான்.

செய்தி தவறாக வந்துவிட்டால் முதலில் எழுதிய நிருபரிடம் பேசுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி, சரியான எண் என்ன, அதற்கு ஆதாரம் எது என்று மின்னஞ்சலில் ஆசிரியருக்கும் அனுப்புங்கள். நான்கு வரிக்கு மேல் போகவேண்டாம், வக்கீல் நோட்டீஸ் பேச்சையும் எடுக்கவேண்டாம். திருத்தம் உள்பக்கத்தில் சின்னதாகத்தான் வரும். இணையப் பதிப்பையும் திருத்தச் சொல்லிக் கேளுங்கள், நாளை உங்கள் பெயரைத் தேடுபவர் கண்ணில் படுவது அதுதான்.